ஓசூரில் ஒரு வஞ்சிர விசாரணை

நான்கு பேர் சேர்ந்து நின்றால் அந்த வழியாகப் போகாமல் அடுத்த தெரு வழியாகப் போகிற ஆள் நான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் ஏலக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக மீன் பிரிக்கிறேன். வலையிலிருந்து கொட்டிய குவியலை இனம் இனமாகக் கூடையில் போடுகிற வேலை. அதற்குக் கண்ணும் கையும் போதும், வாய் தேவையில்லை. கூவுவதற்கு வேறு ஆள் உண்டு. அதனால்தான் அங்கே நிலைத்தேன்.

அப்படிப்பட்ட என்னை ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கேண்டீன் கமிட்டி முன்னால் வந்து பேசச் சொல்லி என் தங்கை ரோசி போன் செய்தாள்.

"அண்ணே, என்னையக் களவாணிங்கிறானுவ. நீ வந்து, இது வஞ்சிரந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"போன்ல சொன்னாப் பத்தாதா?"

"போன்ல சொன்னா எவன் நம்புவான்? நேர்ல வந்து மூஞ்சியக் காட்டு."

வேலை இருக்கிறது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரை முழுக்கப் படகுகள் கரையில் கிடந்தன. எங்கள் கூடத்தில் நாய்கூட இல்லை. அவளுக்கும் அது தெரியும். கிளம்பிவிட்டேன்.

ரோசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். குடும்பத்தில் மீன் தொழிலுக்குப் போனது நான் ஒருவன்தான். ரோசி மீனைக் குழம்புச் சட்டிக்கு வெளியே பார்த்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது ராயக்கோட்டைக்காரர் முனிராஜைக் கட்டிக்கொண்டு ஓசூர் போனாள். அவர் லேத் ஆபரேட்டர். தூத்துக்குடிக்காரி என்றால் மீன் தெரியாமல் இருக்குமா என்று அந்தத் தெருவே முடிவு செய்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிகள் மீன் வாங்கும்போதெல்லாம் இவளைக் கூட்டிப்போய் நல்லதா கெட்டதா என்று கேட்டார்கள். இவளும் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். கொஞ்ச நாளில் அவளே அதை நம்பிவிட்டாள். பாகலூர் சாலையில் 'தூத்துக்குடி மீன் கடை' என்று போர்டு வைத்துவிட்டாள். இந்த விஷயம் எனக்குக் கடை திறந்து ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

கடை ஓடியதே அந்தக் கேண்டீன் ஆர்டரை நம்பித்தான். புதன்கிழமைதோறும் மூன்று ஷிப்டுக்கும் வஞ்சிர வறுவல். அது போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். மே மாதத்தில் காற்று சில்லென்று அடித்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். இங்கே ஒரு அம்மாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெள்ளரிக்காய் விற்றாள்.

சாப்பாடு ராகிக் களியும் மீன் குழம்பும். குழம்பில் தக்காளி இருந்த அளவுக்குப் புளி இல்லை. முனிராஜின் ஊர் தக்காளிக்குப் பேர் போனது, அவர்கள் வீட்டில் எதிலும் தக்காளி விழுந்துவிடும். நான் களியை வாயில் போட்டு மென்றேன். மென்றேன், மென்றேன், அது குறையவில்லை.

"மச்சான், மெல்லக் கூடாது. முழுங்கணும்," என்றார் முனிராஜ்.

"மெல்லாம எப்படி?"

"உருட்டு, குழம்புல முக்கு, உள்ள தள்ளு. பல்லுக்கு இதுல வேலையே இல்ல மச்சான்."

நான்காவது உருண்டையில் பழகிவிட்டது. ஐந்தாவது கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டுக்கொண்டே ரோசி விவரம் சொன்னாள். அந்தத் தொழிற்சாலையில் வண்டிகளுக்குச் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்கிறார்கள். எந்தப் பாகமானாலும் முதலில் ஒன்றைச் செய்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, மாஸ்டர் சாம்பிள் என்று பூட்டி வைப்பார்களாம். பிறகு வருகிற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். கேண்டீன் கமிட்டியில் இருக்கிற சதீஷ் தரப்பரிசோதனைப் பிரிவுக்காரர். போன வருடம் ரோசியின் முதல் மீன் வந்தபோது, ஒரு துண்டை எடுத்துக் கவரில் போட்டுக் கையெழுத்திட்டுக் கேண்டீன் ஃப்ரீசரில் வைத்துவிட்டார். மாஸ்டர் சாம்பிள், வஞ்சிரம்.

"மீனுக்கா?" என்றேன்.

"மீனுக்குத்தான். வாரா வாரம் எடுத்து ஒப்பிடுவாரு. ஒரு வருஷம் ஒரு குத்தமும் இல்ல. போன வாரம் போட்ட துண்டு சாம்பிள் மாதிரி இல்லன்னு சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பிட்டாரு. வஞ்சிரம்னு சொல்லிச் சுறாவப் போடுறேனாம்."

கமிட்டிக்கூட்டம் புதன்கிழமை.

செவ்வாய்க்கிழமை முனிராஜ் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். ரோசி விடியற்காலையிலேயே கடைக்குப் போய்விட்டாள். டவுன் பஸ் பிடித்து வந்துவிடு, நாலாவது ஸ்டாப் என்று சொல்லியிருந்தாள். பஸ் எது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாய் வரவில்லை. நிறையப் பேர் ஏறிய ஒரு பஸ்ஸில் நானும் ஏறினேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பத்து ரூபாயை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், ரூபாயைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்தார். நாலாவது ஸ்டாப்பில் இறங்கினேன்.

போர்டெல்லாம் கன்னடத்தில் இருந்தது. எல்லைப் பக்கம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து டீ சொன்னேன். விரல் உயரத்துக்கு ஒரு கிளாஸில் வந்தது. எங்கள் ஊரில் மீதி டீயை இந்த அளவு கீழே ஊற்றுவோம். அப்போதுதான் சந்தேகம் வந்தது. அத்திப்பள்ளி. கர்நாடகம். மாநிலம் தாண்டி வந்திருக்கிறேன்.

முகத்தைப் பார்த்தே பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் கண்டுபிடித்துவிட்டார். "பஸ் மாறிட்டீங்களா? வாங்க, நான் அந்தப் பக்கம்தான்." வேப்பனப்பள்ளிக்காரர். பெங்களூரில் மாங்காயை இறக்கிவிட்டுக் காலி கிரேடுகளோடு திரும்பிக்கொண்டிருந்தார். வண்டி முழுக்க மாம்பழ வாசனை, என் சட்டையில் மீன் வாசனை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் இறக்கினார்.

என்ன வேலையாக வந்தேன் என்று சொன்னேன். லாரி ஓட்டுகிறவர் ரோட்டைத்தான் பார்ப்பார் என்பதால் எனக்குப் பேச்சு வந்தது.

"எங்க மாங்காயிலயும் அதே கதைதாங்க," என்றார். "நான் இலையக் கசக்கி மோந்து பாத்தே எந்த மரம்னு சொல்லுவேன். பெங்களூர்க்காரங்க மஞ்சளா இருந்தா எல்லாத்தையும் ஒரே பேர்ல கேப்பாங்க."

"நீங்க சொல்லமாட்டீங்களா?"

"கேட்டாத்தானே சொல்றது? கேக்காதவங்கிட்ட சொன்னா சண்டைதான் வரும்."

நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் காலை வரைக்கும் நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் ரோசி ஐஸ் பெட்டியிலிருந்து சண்டைக்குக் காரணமான மீனின் கூட்டாளி ஒன்றை எடுத்துப் போட்டாள். முழு மீன். தடைக்காலத்தால் கிழக்குப் பக்கத்துப் பெட்டி வராமல், மொத்த வியாபாரி மங்களூர்ப் பக்கத்துப் பெட்டியை அனுப்பியிருந்தார். பார்த்த உடனே எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. முதுகிலிருந்து வயிறு வரை குறுக்கே நெளிநெளியான வரிகள். விலாவில் நூல் மாதிரி ஒரு கோடு தலையிலிருந்து நேராகப் போய், பின்பாதியில் சட்டென்று கீழே இறங்கியது, பள்ளத்தில் விழுந்த பஸ் மாதிரி. செவுளைத் தூக்கினேன். உள்ளே சீப்புப் பல் மூன்றோ நாலோதான். எங்கள் ஊரில் சீலா என்போம். சந்தையில் வஞ்சிரம் என்றால் முதல் மரியாதை இதற்குத்தான்.

"ஏட்டி, இது அசல் வஞ்சிரம். ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நான் சொன்னேன்லா!" என்று கையைத் தட்டினாள். "எப்பவும் வர்றதும் அசல்தான், இதுவும் அசல்தான். இரு, எப்பவும் வர்றதையும் காட்டுறேன். உனக்குக் காட்டத்தான் ஃப்ரீசர்ல ஒண்ணு முழுசா வச்சிருக்கேன்."

உறைந்த மீனைக் கல்லில் டங்கென்று போட்டாள். உடம்பு முழுக்க வட்ட வட்டப் புள்ளிகள், மூன்று வரிசை. நூல் சரிவாக மெல்ல இறங்கியது. செவுளைத் தூக்க ஐஸைச் சுரண்ட வேண்டியிருந்தது. சீப்பில் பற்கள் நிறைய. பத்துக்கு மேல் எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

அதே குடும்பம்தான். பங்காளி. உருவமும் நிறமும் மூக்கும் அப்படியே. மூன்றாவதாக ஒரு பங்காளியும் உண்டு, அதற்குச் சின்னச் சின்ன படுக்கைக் கோடுகள். எங்கள் கூடத்தில் மூன்றும் மூன்று கூடை. புள்ளிக்காரனை முதல் கூடையில் போட்டால் ஏலக்காரர் கூடையைத் திரும்ப என் காலடியில் கவிழ்ப்பார். வெளியூர்ச் சந்தையில் மூன்றையும் வஞ்சிரம் என்றே விற்பார்கள், ஆனால் விலையும் மரியாதையும் வேறு.

அப்படியானால் ஒரு வருடமாக ரோசி முதல் தரம் என்று சொல்லிப் போட்டது புள்ளி. கையெழுத்துப் போட்டுப் பூட்டி வைத்த மாஸ்டர் சாம்பிள் புள்ளி. முதல்முறையாக உண்மையான வரி மீனைப் போட்டபோது களவாணிப் பட்டம்.

"என்ன, பேச்சையே காணும்?" என்றாள்.

"ஐஸ்," என்று சொல்லிக் கையை உதறிக் காட்டினேன்.

அன்று முழுக்க ரோசியிடம் சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை அவள் அதில் முறுக்கை வைத்தாள். ராத்திரி படுக்கும்போது லாரிக்காரர் சொன்னதை நினைத்தேன். போன வார மீனைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பொய்யும் இல்லை.

புதன்கிழமை காலை இரண்டு மீனையும் ஐஸ் பையில் எடுத்துக்கொண்டு போனோம். முனிராஜ் மொழிபெயர்ப்புக்காக அரைநாள் லீவு போட்டிருந்தார். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். உள்ளே போகிற எந்தப் பொருளுக்கும் சீட்டு வேண்டுமாம்.

"மெட்டீரியல் என்ன?"

"மீன்."

"ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?"

அப்படி என்றால் திரும்பி வெளியே போகுமா, போகாதா என்று முனிராஜ் விளக்கினார்.

"அது உள்ள போய்த்தான் தீர்மானமாகும் சார்," என்றாள் ரோசி. "ஜெயிச்சா உள்ளயே வறுத்துருவோம்."

செக்யூரிட்டி யோசித்து இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தார்.

கேண்டீனில் நீள மேஜை. கமிட்டித் தலைவர் கிருஷ்ணப்பா ஸ்டோர்ஸில் பெரியவர், கன்னடக்காரர். பக்கத்தில் சதீஷ், முப்பது வயதுக்குள்தான், சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர். இன்னும் மூன்று பேர். சமையல் மாஸ்டர் கதவோரம் நின்றார். மொத்தம் ஆறு பேர் என்னைப் பார்த்தார்கள்.

சதீஷ் ஃப்ரீசரிலிருந்து இரண்டு கவரை எடுத்து வைத்தார். ஒன்றில் பச்சை அட்டை, கையெழுத்து. இன்னொன்றில் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைத் துண்டை வெர்னியரால் அளந்து காட்டினார். "சாம்பிளைவிட விட்டம் அதிகம். தோல்ல புள்ளி இல்ல, கோடு இருக்கு. போன்ல வீடியோகூடப் பார்த்தேன், அசல் வஞ்சிரத்துல புள்ளி இருக்கும்னு தெளிவா சொல்றாங்க. அக்கா மேல எனக்குக் கோபம் இல்ல. சாம்பிளோட மேட்ச் ஆகல, அவ்வளவுதான்."

கிருஷ்ணப்பா கன்னடத்தில் கேட்டதை முனிராஜ் சொன்னார். "நீங்க மீன்காரராமே. இந்தச் சிவப்பு அட்டை மீன் வஞ்சிரமா இல்லையான்னு கேக்குறாரு."

எழுந்தேன். மீனைப் பார்த்துப் பேசினால் ஆட்களைப் பார்க்க வேண்டாம் என்று வரி மீனை மேஜையில் வைத்து அதனிடமே சொன்னேன். "இது வஞ்சிரந்தான். வரியப் பாருங்க. நூலு இங்க இறங்குது பாருங்க. செவுள்ல பல்லு கம்மி. அசல்."

ரோசி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அத்தோடு நான் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். உட்காரவும் போனேன்.

சதீஷ் பச்சை அட்டைத் துண்டைத் தூக்கி, "அப்ப இது என்னங்கய்யா?" என்றார்.

கேட்டுவிட்டார்.

மேஜைக்கு அடியில் ரோசியின் கால் என் காலை மிதித்தது. நேற்று நான் ஐஸ் என்று கையை உதறியபோதே அவளுக்கு ஏதோ பொறி தட்டியிருக்கிறது. மிதித்த காலை அவள் எடுக்கவில்லை.

இருபத்தாறு வருடத்தில் ஒரு மீனைத் தெரிந்தே தவறான கூடையில் நான் போட்டதில்லை. அது நேர்மை என்று சொல்லமாட்டேன், கைப்பழக்கம். பையிலிருந்து புள்ளி மீனை எடுத்து வரி மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அந்தத் துண்டு இந்த மீனு. பங்காளி. நல்ல மீனுதான். ஆனா வேற கூடை."

முனிராஜ் மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார். "சொல்லுங்க மாப்ள," என்றேன். மெதுவாகச் சொன்னார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர், ஒரு வருடமாக ஏமாற்றியிருக்கிறாள் என்றார். ரோசி எழுந்துவிட்டாள். "எனக்கு எப்படிய்யா தெரியும்? பெட்டில வஞ்சிரம்னு எழுதி வந்துச்சு, வஞ்சிரம்னு குடுத்தேன்! உங்க இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு!"

"நீங்க தூத்துக்குடிதானே?" என்றார் அவர்.

"தூத்துக்குடின்னா? நீங்க ஓசூரு, உங்களுக்கு ரோஜாப்பூவுல எத்தனை சாதின்னு தெரியுமா?"

ஓசூரைச் சுற்றி ரோஜாத் தோட்டங்கள்தான். அவருக்குத் தெரியவில்லை.

"அவ மேல தப்பில்ல," என்றேன். யார் பேசுவது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அவளுக்கு மீனு தெரியாது. தெரிஞ்சவன் நான். கடை தொறந்து இத்தனை நாளா ஒரு தடவைகூட நான் வந்து பெட்டியத் தொறந்து பாக்கல. பஸ்ஸுல ஏறக் கூச்சப்பட்டு இருந்துட்டேன்."

கிருஷ்ணப்பா கையைத் தூக்கினார். சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு, இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வறுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சதீஷ் சாப்பிட வேண்டும் என்றார். வாசனை வந்ததும் எல்லோருக்கும் கோபம் கொஞ்சம் குறைந்தது.

சதீஷ் முதல் துண்டைத் தின்றார். இரண்டாவதைத் தின்றார். முதலாவதை மறுபடி தின்றார்.

"ரெண்டாவதுதான் நம்ம வஞ்சிரம். சந்தேகமே இல்ல."

இரண்டாவதாகத் தின்றது புள்ளி.

கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். பிறகு சிவப்பு அட்டையை அவிழ்த்து, தான் கையெழுத்துப் போட்ட சாம்பிள் கவரில் கட்டினார். "பார்ட் சரி. பேர் தப்பு. தப்பு என்னோடது," என்றார். அந்த நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கிருஷ்ணப்பா தீர்ப்புச் சொன்னார். முனிராஜ் தமிழில் சொன்னது இது. "பசங்களுக்குப் புள்ளிதான் பழகியிருக்கு, அதையே போடட்டும், அதுக்கான விலைக்கு. இல்லாத நாள்ல வரியப் போடட்டும். ஆனா ஒவ்வொரு பெட்டியிலயும் எதுன்னு அந்த அம்மாவே பாத்து எழுதி அனுப்பணும். மூணு மாசம் பாப்போம். ஒரு பெட்டி தப்பா வந்தாலும் ஆர்டர் கேன்சல்."

புதிதாக இரண்டு மாஸ்டர் சாம்பிள் தயாரானது. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதற்குக் கீழே பதவி என்று ஒரு கட்டம். எனக்குப் பதவி என்று எதுவும் இருந்ததில்லை. சதீஷ், "எக்ஸ்பர்ட்னு போடுங்கய்யா," என்றார். கூசியது. 'கூடை பிரிப்பவர்' என்று எழுதினேன்.

ரோசி வீடுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலமும் பேசவில்லை. களியை என் தட்டில் வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது. இனி பெட்டியைப் பார்த்து அவள் எழுத வேண்டும். சொல்லித்தரட்டுமா என்று கேட்டேன். எழுந்து போய்க் கொடியில் துணி எடுத்தாள்.

"வுடுங்க மச்சான்," என்றார் முனிராஜ். "எங்கூட ஒரு தடவ பதினோரு நாள் பேசல. நான் கடைசி வரைக்கும் ஏன்னு கண்டுபிடிக்கல."

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு அவளும் வந்தாள். பஸ் நகர்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு டிபன் பாக்ஸைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். டப்பாவின் கைப்பிடியில் கேண்டீன் பச்சை அட்டை ஒன்று கட்டியிருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள்: புள்ளி. பார்த்தது: ரோசி.

கிருஷ்ணகிரி தாண்டியதும் திறந்தேன். எலுமிச்சை சாதமும் இரண்டு மீன் துண்டும். அட்டையில் எழுதியதை நம்பிச் சாப்பிட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. நகத்தால் மசாலாவைச் சுரண்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார். தோல் தெரிந்தது. வரி.

முதல் அட்டையே தப்பு. அடுத்த புதன்கிழமை இப்படி எழுதி அனுப்பினால் ஆர்டர் போச்சு. ஓடுகிற பஸ்ஸில், அத்தனை பேர் கேட்க, நானே போன் போட்டேன்.

"ரோசி, இது புள்ளி இல்லட்டி! வரி! தோலப் பாத்தியா இல்லையா?" பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

அந்தப் பக்கம் கத்தி தேய்க்கிற சத்தம் நின்றது.

"வரின்னு எனக்குத் தெரியும்," என்றாள். "நூலு பின்னால விழுது, செவுள்ல நாலே பல்லு. நேத்து மேஜையில நீ சொல்லும்போது நான் என்ன தூங்கிக்கிட்டா இருந்தேன்?"

"பின்ன ஏன் புள்ளின்னு எழுதின?"

"நீ வாயத் தொறப்பியான்னு பாத்தேன். செவ்வாக்கிழமையே தொறந்திருந்தா நான் கமிட்டில உன் காலை மிதிச்சிருக்க வேண்டாம். வலிக்குதா?"

"லேசா."

"நல்லது. ஆறுறதுக்குள்ள சாப்பிடு. உனக்குன்னு நல்ல மீனா எடுத்து வச்சேன்."